ருடால்ப் விர்ச்சோ

நோய் உடலின் எவ்விடத்தே தோன்றுகின்றது என்னும் வினா மிகத் தொன்மையானது. நம் நாட்டு மருத்துவர் வாதம், பித்தம், கபம் என்னும் மூன்றன் மிகுதியும் குறைவுமே நோயென வகுத்தனர். அதுபோலவே ஐரோப்பிய மருத்துவரும் இரத்தம், கபம், மஞ்சட்பித்தம், கரும்பித்தம் என்னும் நால்வகை நீர்களின் மாறுபாட்டையே நோயென நெடுங்காலம் கொண்டிருந்தனர். அக்கொள்கையை அகற்றி, நோய்க்கு இருப்பிடம் நுண்ணிய உயிரணுவே என நிறுவி, அதனை மாணவர் தம் கண்ணாற் காணுமாறு கற்பித்தவர் ருடால்ப் விர்ச்சோ என்னும் பேராசிரியர். அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

விர்ச்சோ 1821ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 13ஆம் நாள், பிரஷ்ய நாட்டுப் பொமரேனியாவில் ஷீவல்பைன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டைச் சார்ந்தது. பெற்றோர்க்கு அவர் ஒரே மகன். குடும்பத்தில் செல்வம் மிகுதியின்மையால், படை மருத்துவராகப் பணிபுரிய இசைந்தார்க்குக் கல்வியளித்த பெர்லின் கல்விக்கழகமொன்றில் 1839இல் சேர்ந்து, 1843இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் ஷாரிட்டே என்னும் மருத்துவமனையில், இறந்தோர் உடலை அறுத்து ஆராயும் பகுதியில் அமர்ந்தார்.

அக்காலத்தே, இரத்தக்குழாயின் அழற்சியே நோய்கள் பலவற்றிற்கும் தலையாய காரணம் என்னும் கொள்கை ஓங்கியிருந்தது. பாரிசு நகரத்துப் பேராசிரியர் ஒருவர் மொழிந்த அக்கொள்கையை ஆராய்ந்து வருமாறு இளைஞராகிய விர்ச்சோவைத் தலைவர் ஏவினார். நுரையீரற் குழாயை அடைத்துக்கொண்டிருந்த இரத்தக்கட்டிகளை அவர் பல உடல்களிற் கண்டார். ஆயினும் கட்டி கிடந்த இடத்திற் குழாயின் சுவர் பழுதின்றி இருத்தலையும், கால் முதலிய தொலைவான உறுப்புகளின் குழாய்களில் வேறு கட்டிகள் இருத்தலையும் நோக்கினார். அங்கே உண்டாகிய கட்டியின் ஒரு துண்டு முறிந்து, குருதியோட்டத்தால் அடித்துச் செல்லப்பட்டு, நுரையீரலின் குறுகிய குழாயிற் சிக்கியதோ என ஐயுற்றார். நாய்களின் குழாய்களில் ரப்பர்த் துண்டு முதலியவற்றைச் செலுத்திப் பார்த்தார். அவை நுரையீரலிற் சென்று தங்கின. ஐயம் தெளிந்தது. குருதி ஓட்டம் தளர்தல், குழாயின் சுவர் பழுதுறுதல், குருதியின் தன்மை திரிதல் என்னும் மூன்றும் கட்டிக்குக் காரணமென இன்று மருத்துவ மாணவர் யாவரும் பயில்கின்றனர். அம்மூன்றையும் ஒருங்கு தொகுத்தோர் பின்வந்தோரே. எனினும் அது விர்ச்சோவின் பெயராலேயே வழங்குகின்றது.

1848இல் மேற்சைலீசியா நாட்டில் டைபஸ் என்னும் கொடுங்காய்ச்சல் பரவியபோது, அரசினர் அவரை ஆங்கனுப்பினர். பசியும் அறியாமையும் ஆட்சியின் புறக்கணிப்புமே அந்நோய்க்கு வேர் என அவர் அஞ்சாது எழுதினார். அவ்வாண்டுப் புரட்சியிலும் பங்குகொண்டமையால் அரசினரின் சினத்திற்கு ஆளாகி, 1849இல் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் சென்றார். உருவமற்ற நீரினின்று உயிரணுக்கள் தாமே திரளும் எனப் பலர் நம்பியிருந்த அந்நாளில், ஓர் உயிரணு பிறிதோர் உயிரணுவினின்றே பிறக்கும் என 1855இல் அவர் வலியுறுத்தினார். கருவின் வளர்ச்சியை ஆராய்ந்த ரெமாக் என்பார் இதனை முன்னரே கண்டிருந்தார். நோயுற்ற உடலுக்கும் அதுவே நெறியென விரித்தது விர்ச்சோவின் பணியாகும்.

1856இல் பெர்லின் அவரை மீண்டும் அழைத்து, அவர்க்கெனத் தனி ஆராய்ச்சிக்கூடமும் அமைத்தது. ஈண்டு 1858இல் அவர் நிகழ்த்திய இருபது விரிவுரைகள் குறுக்கெழுத்தில் எழுதப்பெற்று, அவ்வாண்டே நூலாயின. அவர் வகுப்பில் மேசையின்மேல் சிறு தண்டவாளம் இடப்பட்டிருக்கும். அதன்வழியே நுண்ணோக்கிகள் மாணவர்க்கு மாணவர் உருண்டு செல்லும். ஆசிரியர் சொல்லை மட்டும் கேட்டு ஒருவரும் எழுந்து போதல் இயலாது. ஒவ்வொருவரும் குனிந்து நோக்கியே தீரவேண்டும்.

அவ்வாறு நோக்கக் கற்றோருள் ஒருவர் ஜூலியஸ் கோன்ஹைம். புண்ணிற் காணும் சீழின் அணுக்கள் அவ்விடத்துத் திசுவிலேயே பிறக்கின்றன என்பது விர்ச்சோவின் கொள்கை. கோன்ஹைம் தவளையின் மெல்லிய குடற்சவ்வை நுண்ணோக்கியின்கீழ் விரித்து, நெடும்பொழுது அமர்ந்து நோக்கினார். குருதியின் வெள்ளணுக்கள் ஓட்டத்தினின்று விலகிச் சுவரை ஒட்டி, பின் தம் உடலை நெகிழ்த்துச் சுவரினூடே நுழைந்து வெளியேறுதலைக் கண்டார். சீழின் அணுக்கள் குருதியினின்று வருவன எனத் தெளிந்தார். ஆசிரியரின் கொள்கையை மறுக்கும் அக்கட்டுரை 1867இல் வெளிவந்தது. அதனை வெளியிட்டது விர்ச்சோ தாமே நடத்திவந்த ஆராய்ச்சி இதழேயாகும்!

ஆயினும் அவர் எஞ்ஞான்றும் அத்துணைத் திறந்த மனத்தராய் இருந்தார் எனல் பொருந்தாது. 1882இல் அதே பெர்லினில் ராபர்ட் காக் காசநோயின் நுண்கிருமியை எடுத்துக்காட்டியபோது, விர்ச்சோ அதனை எளிதில் ஏற்றாரல்லர். உயிரணுவையும் ஏழைமக்களின் வாழ்வையும் மறந்து உலகம் கிருமி ஒன்றையே பற்றிக்கொள்ளும் என்னும் அச்சம் அவர்க்கு உண்டு. அவ்வச்சம் முற்றும் பொருளற்றதன்று. எனினும் கண்ணெதிரே காட்டப்பெற்றதை ஏற்கத் தயங்கியது, காணக் கற்பித்த ஆசிரியர்க்குக் குறையேயாம்.

1902 ஜனவரியில் டிராம் வண்டியினின்று இறங்குங்கால் விழுந்து தொடையெலும்பு முறிந்து, அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அவர் தொடங்கிய தேடல் நிற்கவில்லை. 1949இல் பாலிங் என்பாரும் அவர் துணைவரும், அரிவாளணு நோயின் காரணம் செங்குருதி நிறமியாகிய மூலக்கூற்றின் மாறுபாடே எனக் காட்டினர். அம்மூலக்கூறுகள் உயிர்வளியை விடுத்தபின் கோல்போல் இணைய, நெகிழ்ந்து செல்லவேண்டிய செவ்வணு விறைத்துச் சிறுகுழாய்களை அடைத்துவிடுகின்றது. குருதி எங்கே, எதனால் தடைப்பட்டது என இளைஞர் விர்ச்சோ கேட்ட வினா இவ்வாறு மூலக்கூறுவரை சென்றுளது.

கோன்ஹைம் தம் ஆசிரியரை மறுத்தமையால் ஆசிரியர் பெருமை குன்றிற்றில்லை. தண்டவாளத்தின்மேல் நுண்ணோக்கியை மாணவர்பால் உருட்டிவிட்ட அன்றே, அவர் தம்மினும் மிகுதியாகக் காணும் உரிமையையும் அவர்க்கு அளித்துவிட்டார் அன்றோ?