அபாச்சி வீராங்கனை லோசன்

பகைவரைக் கொன்று குவித்தலே வீரமெனக் கருதுவார் பலர். எளியாரைக் காத்தற்பொருட்டுப் போர்க்களத்தையும் விட்டுப் பிரியத் துணிதலும் வீரமேயாம் என்பதனை லோசன் என்னும் அபாச்சி மாதரசியின் சரித்திரம் நன்கு விளக்கும்.

அமெரிக்காவின் தென்மேற்கே, நியூ மெக்சிகோ என வழங்கும் பகுதியில், வெந்நீரூற்றுகள் சூழ்ந்த நிலத்தைத் தாயகமாகக் கொண்டு வாழ்ந்தவர் அபாச்சி மக்களுள் ஒரு பிரிவினர். அவர்களிடையே 1840-ம் ஆண்டளவில் லோசன் தோன்றினார். புகழ் வாய்ந்த தலைவராகிய விக்டோரியோ இவர்தம் தமையனார். குதிரையேற்றத்திலும் துப்பாக்கிப் பயிற்சியிலும் தேர்ந்த இவ்வம்மையார், மணவாழ்க்கையை நாடாது, வீரர்களோடு சரிநிகராய் நின்றார். இரு கைகளையும் விரித்து இறைவனை வேண்டி மெல்லச் சுழன்று நிற்பாராயின், பகைவர் வருந்திசையை அறிவார் என அவ்வினத்தார் நம்பினர்.

1877-ல் அமெரிக்க அரசாங்கம் இம்மக்களை அரிசோனாவிலுள்ள ஸான் கார்லோஸ் என்னுமிடத்திற்குப் பெயர்த்தது. வெப்பமும் நோயும் மலிந்த அவ்விடத்தே வாழ மாட்டாது, அவ்வாண்டு செப்டம்பர் மாதத்திலேயே அவர்கள் வெளியேறினர். பின்னர் 1879-ல் பெரும்போர் மூண்டது. படைகள் துரத்திவர, ஒருகால் பெண்டிரும் சிறாரும் ரியோ கிராண்டே நதியின் வெள்ளங்கண்டு கரையில் அஞ்சி நின்றனர். லோசன் துப்பாக்கியைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துக் குதிரையை நீரிற் செலுத்தவே, ஏனையோர் அச்சம் நீங்கிப் பின்தொடர்ந்தனர். அவர்களைக் கரை சேர்த்தபின், இவர் வீரர்களிடம் மீண்டார். அன்று ஆற்றைக் கடந்த சிறுவருள் ஒருவரான கேவாய்க்லா என்பார் முதுமையிற் கூறிய நினைவுகள் 1970-ல் நூலாக வெளிவந்தன.

1880-ல் இவருக்குக் கடுஞ்சோதனை நேர்ந்தது. மெஸ்கலேரோ இனத்துப் பெண்ணொருத்தி பச்சிளங்குழவியோடு தன் சுற்றத்தாரிடம் சேர வேண்டியிருந்தது. இடையிலோ பாலைநிலம், எங்கணும் இரு நாட்டுப் படைகள். லோசன் தமையனாரைப் பிரிந்து அத்தாய்க்குத் துணையாகச் சென்றார். வேட்டொலி பகைவர்க்கு இருப்பிடத்தைக் காட்டிவிடுமென அஞ்சி, உணவுக்காக நீள்கொம்பு மாடொன்றைக் கத்தியாலேயே வீழ்த்தினார்; படைவீரரின் குதிரைகளைக் கவர்ந்தார்; தாயையும் சேயையும் பழுதின்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆனால் அவ்வாண்டு அக்டோபரில், மெக்சிகோ நாட்டின் திரேஸ் காஸ்தியோஸ் குன்றுகளில் விக்டோரியோவும் அவரைச் சார்ந்தோர் பலரும் மடிந்தனர். லோசன் உடனிருந்திருப்பின் பகைவரின் வரவு முன்னரே தெரிந்திருக்குமென அபாச்சியர் நெடுநாள் வருந்தினர். எனினும், அவ்விருவரைக் காத்தமைக்காக இவரைக் குறைகூறத் துணிவார் யார்?

துயரத்தால் இவர் சோர்ந்தாரல்லர். முதியவராகிய நானாவோடும், பின்னர் ஜெரோனிமோவோடும் சேர்ந்து போராடினார். 1886-ல் ஜெரோனிமோ சரணடைந்தபோது லோசனும் சிறைப்பட்டார். புளோரிடாவுக்கும், பின்னர் அலபாமாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டு, 1889-ல் க்ஷயரோகத்தால் உயிர் நீத்தார். எஞ்சிய அவ்வினத்தார்க்கு 1913-ம் ஆண்டளவிலேயே விடுதலை கிடைத்தது.

இவரை அடக்கஞ்செய்த இடத்தில் பெயர் பொறித்த கல்லொன்றும் நாட்டப்படவில்லை. ஆயினும், வெள்ளத்தைக் கடந்தோர் தம் மக்களுக்குச் சொல்லிச் சென்ற சொல்லிலே அப்பெயர் நிலைத்தது. பிறர் உயிரைக் காத்தவர்க்கு இதனினும் சிறந்த நினைவுச் சின்னம் வேறு யாதுளது?