களிமண் பிள்ளையார் வழக்கும் பெரியாரின் சிலைகளும்

பெரியாரின் சிலை எங்கேனும் சேதப்படுத்தப்பட்டால், இந்துக்களின் மனம் புண்பட்டதே காரணம் என்ற வாதம் உடனே எழுகிறது. அந்த வாதத்தை அவர் வாழும்போதே நீதிமன்றத்தில் எதிர்கொண்டார் என்பதைச் சட்டம் படிக்கும் நம் மாணவர்கள்கூட அதிகம் அறிந்திருப்பதில்லை.

1879 செப்டம்பர் 17 அன்று ஈரோட்டில் வைணவப் பற்று மிகுந்த வணிகக் குடும்பத்தில் பிறந்தவர் ஈ.வெ.ராமசாமி. சேரியில் பிறந்தவர் அல்லர். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. இளமையில் காசிக்குச் சென்றபோது, பார்ப்பனர்க்கு மட்டுமே சோறிடும் சத்திரத்திலிருந்து பசியோடு வெளியேற்றப்பட்டதாக அவர் வரலாறு கூறும். ஈரோடு நகர்மன்றத் தலைவராக இருந்து, பின் காங்கிரசில் சேர்ந்தார். 1924இல் வைக்கம் சென்றார். அங்கே கேட்கப்பட்டது கோயிலுக்குள் நுழையும் உரிமைகூட அன்று. கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமை. அதற்காக இருமுறை சிறை சென்றார். துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் களத்தில் நின்றனர். 1925இல் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட, காங்கிரசை விட்டு வெளியேறினார். சுயமரியாதை இயக்கமும், 1944இல் சேலத்தில் பெயர் பெற்ற திராவிடர் கழகமும் நாம் நன்கறிந்தவை.

1953 மே 27, புத்தர் பிறந்த நாள். முன்கூட்டியே அறிவித்துவிட்டு, திருச்சியில் களிமண் பிள்ளையார் பொம்மையைப் பெரியார் பொதுவெளியில் உடைத்தார். எந்தக் கோயிலுக்குள்ளும் புகவில்லை. எவர் வழிபட்ட சிலையையும் பறிக்கவில்லை. வீரபத்திரன் செட்டியார் என்பவர் இந்திய தண்டனைச் சட்டத்தின் 295, 295ஏ பிரிவுகளின்கீழ் முறையிட்டார். தனியாருடைய களிமண் உருவம், கடவுளைப்போல் தோற்றமளிப்பதாலேயே புனிதப் பொருளாகிவிடாது என்று நடுவர் முறையீட்டைத் தள்ளினார். அமர்வு நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் அதையே ஏற்றன. உச்ச நீதிமன்றம் 1958 ஆகஸ்டு 25 அன்று மாறுபட்டது. பொருள் எவ்வளவு அற்பமானதாயினும், ஒரு வகுப்பார் அதைப் புனிதமாகக் கருதினால் சட்டத்தின் காப்பு உண்டு என்றது. ஆயினும் ஐந்து ஆண்டுகள் கடந்துவிட்டதால் வழக்கை மீண்டும் நடத்த ஆணையிடவில்லை. பெரியார் தண்டிக்கப்படவில்லை, ஆனால் அவருக்கு எதிரான விளக்கம் சட்டமாக நின்றது. அந்தப் பிரிவுகள் இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 298, 299 என எண் மாறியுள்ளன.

இடைநிலைச் சாதியாரின் வன்முறையைப் பெரியார் இயக்கம் போதிய அளவு எதிர்கொண்டதா என்று தலித் அறிஞர்கள் சிலர் கேட்டுள்ளனர். நியாயமான கேள்வி. ஆனால் 1957இல், சாதியைக் காக்கும் பகுதிகள் என்று சொல்லி அரசியல் சட்டத்தை எரித்துச் சிறை புகுந்தவரும் அவரே. இறுதிநாள்வரை கேட்டது அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகும் உரிமை. அது கைகூடுமுன், 1973 டிசம்பர் 24 அன்று வேலூரில் மறைந்தார்.

இறந்த பின்னும் வழக்கு முடியவில்லை. 2006 டிசம்பரில் திருவரங்கத்தில், இராஜகோபுரத்துக்கு எதிரே நிறுவப்பட்ட அவர் சிலை திறப்புக்கு முன்பே தலை துண்டிக்கப்பட்டது. சில நாள்களில் புதிய சிலை திறக்கப்பட்டது. 2018 மார்ச்சில் திருப்பத்தூர். 2020 ஜூலையில் கோவை சுந்தராபுரத்தில் காவிச் சாயம். சிலைப் பீடங்களில் உள்ள கடவுள் மறுப்பு வாசகங்களை நீக்கக் கோரிய மனுவை 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நம்பிக்கைக்கு உள்ள உரிமை மறுப்புக்கும் உண்டு.

ஆனால் எவர் மனம் புண்படுவதைச் சட்டம் கணக்கில் கொள்கிறது? பெரிய முதலியார்சாவடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் உப்பளங்களும் மரக்காணமும் வரும். 2013 ஏப்ரல் 25 அன்று அங்கே தலித் வீடுகள் எரிந்தன. தமிழ்நாட்டின் பல ஊர்களில் அண்ணல் அம்பேத்கர் இன்னும் இரும்புக் கூண்டுக்குள் நிற்கிறார். காப்பதற்கென்று அரசு சொல்லும் கூண்டு அது. உடைப்பவரை விட்டுவிட்டு உருவத்தைச் சிறையிடும் ஏற்பாடு என்று நாம் சொல்வோம்.

1958 தீர்ப்பில் சொல்லப்பட்ட வகுப்பார் என்ற சொல் நமக்கும் உரியது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டம், 3(1)(டி) பிரிவில் இதை வெளிப்படையாக்கியது: பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் உயர்வாக மதிக்கும் சிலையையோ படத்தையோ சேதப்படுத்துவதும் இழிவுபடுத்துவதும் வன்கொடுமை. சிலைச் சேதப் புகாரைச் சொத்துச் சேதமாக மட்டும் பதிய முயன்றால், முதல் தகவல் அறிக்கையில் இப்பிரிவு சேரும்வரை நாம் காவல் நிலையத்தை விட்டு எழக்கூடாது.