நண்பர் கேட்டார், நந்தலால் வரைந்தார்

கலை கலைக்காகவா, வாழ்க்கைக்காகவா என்ற பட்டிமன்றம் நடவாத கல்லூரி தமிழ்நாட்டில் அரிது. இரு பக்கமும் சொல்மாரி பொழியும். நடுவர் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு தீர்ப்பைச் சொல்லி எழுந்துவிடுவார். அந்த வழக்கில் யாரும் அழைக்காத சாட்சி ஒருவர் உண்டு. அவர் வங்கத்து ஓவியர் நந்தலால் போஸ். அவர் வாழ்க்கையைப் படித்தால் மூன்றாவது விடையொன்று கிடைக்கிறது. கலை நண்பருக்காகவும் பிறக்கும். அப்படிப் பிறந்த கலை நாட்டுக்கே உடைமையாகவும் ஆகும்.

இந்த விடை நமக்கு ஏன் வேண்டும்? மாணவர் விடுதியில் ஒருவருக்குப் படம் வரையத் தெரியும் என்ற செய்தி பரவினால் போதும். திருமண வாழ்த்து மடல், நாடகத் திரை, பொங்கல் விழா வாயில் அலங்காரம் எல்லாம் அவர் தலையில் வந்து விழும். கேட்பவர் அதைச் சிறு வேலை என்று எண்ணிக் கேட்பார். வரைபவரும் தம் உண்மையான ஓவியம் வேறெங்கோ பின்னால் வரப்போகிறது என்று எண்ணி, இதைக் கை போன போக்கில் முடித்துக் கொடுப்பார். இருவரும் சேர்ந்து ஒரு நல்ல படத்தைக் கொன்றுவிடுகிறோம். நந்தலால் அப்படிக் கொன்றதில்லை. அதுவே அவர் பெருமை.

தேர்வில் தோற்ற மாணவர்

நந்தலால் 1882ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் பீகாரில் முங்கேர் மாவட்டத்துக் கரக்பூரில் பிறந்தார். தந்தையார் தர்பங்கா சமஸ்தானத்தில் அலுவல் பார்த்தவர். அன்னையார் பொம்மைகள் செய்வதில் கைதேர்ந்தவர். ஊரில் களிமண்ணால் தெய்வ உருவங்கள் வனைவோரின் அருகில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதே சிறுவனின் பொழுதுபோக்கு. பதினைந்தாம் வயதில் படிப்புக்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்.

கல்லூரிப் படிப்பு அவருக்கு ஏறவில்லை. ஒரு கல்லூரியில் தோற்று இன்னொன்றில் சேர்ந்தார். 1905இல் வணிகம் படிக்க மாநிலக் கல்லூரியில் நுழைந்தார். அங்கும் அதே கதை. இதற்கிடையே 1903இல் சுதீராதேவியாரை மணந்திருந்தார். மனைவி உண்டு, பட்டம் இல்லை. பெரியோர்களின் கவலையை நாம் ஊகித்துக்கொள்ளலாம். முடிவில் வீட்டாரை வேண்டி இசைவு பெற்று, கல்கத்தா அரசினர் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசானாக வாய்த்தவர் அபனீந்திரநாத் தாகூர். தேர்வுத் தாளில் மங்கிக் கிடந்த ஒளி தூரிகை முனையில் சுடர்விட்டது.

அஜந்தா ஓவியங்களைப் படியெடுக்க லேடி ஹெரிங்ஹாம் என்ற ஆங்கிலப் பெண்மணி 1909ஆம் ஆண்டு வந்தபோது, சகோதரி நிவேதிதை முனைந்து இளம் ஓவியர்களை அங்கே அனுப்பிவைத்தார். அவர்களுள் நந்தலாலும் ஒருவர். குகைச் சுவரில் அவர் கண்ட கோடு வாழ்நாள் முழுவதும் அவர் கையில் தங்கிவிட்டது. நிவேதிதையும், ஈழத்துத் தமிழர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமியும் எழுதி 1913இல் வெளிவந்த புராணக் கதை நூலுக்குப் படம் வரைந்தவர்களிலும் நந்தலால் இருக்கிறார்.

விஞ்ஞானி தந்த சுவர்

நிவேதிதையின் நண்பர் வட்டத்தில் இருந்த மற்றொரு பெரியவர் ஜகதீச சந்திர போஸ். வானொலி அலைகளையும் செடிகொடிகளின் துலங்கலையும் ஆராய்ந்த அந்த மேதை, 1917ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் கல்கத்தாவில் தம் ஆய்வு நிலையத்தைத் திறந்தார். அளவுகருவிகளும் கண்ணாடிக் குழாய்களும் நிறைந்த அந்த மாளிகையின் சுவரில் ஓவியம் தீட்ட அவர் அழைத்தவர் நந்தலால்.

விஞ்ஞான நிலையத்தில் என்ன வரைவது? நந்தலால் வரைந்த சுவரோவியத்தில் அறிவு ஒரு வீரனாக வருகிறது. கையில் வாள், அதன் கூர்மையைத் தடவிப் பார்க்கிறான். அருகில் அவன் துணைவியாகக் கற்பனை, குழலோடு இருக்கிறாள். அறியாமை இருளை வெட்டிச் செல்ல வாள் வேண்டும். எத்திசை செல்வது என்று காட்டக் குழல் வேண்டும். ஆய்வுக்கூடத்தில் எண்களோடு மல்லாடும் என் போன்றவர்களுக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. பத்து மாதம் அளந்தும் பிடிபடாத ஒன்று, ஒரு மாலை நடையில் மனத்தில் தோன்றிய ஒரு சித்திரத்தால் பிடிபடுவதை நாம் அறிவோம். விஞ்ஞானி சுவரைத் தந்தார். ஓவியர் அந்தச் சுவரில் விஞ்ஞானியின் உள்ளத்தையே எழுதிக் காட்டினார்.

கவிஞரின் அரிச்சுவடி

இரவீந்திரநாத் தாகூர் 1914இல் நந்தலாலைச் சாந்திநிகேதனுக்கு அழைத்துக் கவிதை பாடி வரவேற்றார். 1919இல் அங்கே கலாபவனம் என்ற ஓவியக் கல்லூரி எழுந்தது. சில ஆண்டுகளில் அதன் தலைமை நந்தலாலிடம் வந்தது. 1951இல் ஓய்வு பெறும் வரை அதுவே அவர் வீடு, பள்ளி, தவச்சாலை எல்லாம்.

கவிஞரின் வேண்டுகோள்களுக்கு ஓர் எல்லை இருந்ததில்லை. நாடகம் போட்டால் மேடை அமைப்பு. விழா என்றால் தரை அலங்காரம். நம் வீட்டுக் கோலத்துக்கு உறவான வங்கத்து ஆல்பனாவைச் சாந்திநிகேதனின் ஒவ்வொரு விழாவிலும் இடம்பெறச் செய்தவர்களில் நந்தலால் முதன்மையானவர். அவர் மகள் கௌரி பின்னாளில் அக்கலையில் பெயர் பெற்றார். மறுநாள் காற்றில் கலைந்துபோகும் மாக்கோலத்துக்கும் அங்கே பாடம் உண்டு, ஆசிரியர் உண்டு.

வங்கக் குழந்தைகளுக்காகத் தாகூர் எழுதிய சகஜ பாடம் என்ற அரிச்சுவடி 1930இல் வந்தது. அதற்குப் படம் நந்தலாலுடையது. லினோலியம் என்னும் தரைவிரிப்புப் பொருளில் வேண்டாத இடத்தைச் செதுக்கி நீக்கி, எஞ்சிய மேட்டில் மை தடவித் தாளில் அழுத்தி எடுக்கும் முறை அது. கறுப்பு, வெள்ளை இரண்டே நிறம். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்குத்தானே என்று அவர் அலட்சியம் காட்டவில்லை. தலைமுறை தலைமுறையாக வங்கத்துப் பிள்ளைகள் முதன்முதலில் கண்ட ஓவியம் அதுவாக அமைந்தது. எந்தக் கண்காட்சி ஓவியத்துக்கு இத்தனை கண்கள் கிடைக்கும்?

அதே 1930இல் காந்தியடிகள் தண்டிக்கு நடந்தார். அதே லினோலிய முறையில் நந்தலால் ஒரு படம் செய்தார். கறுப்புப் பின்னணியில் கோலூன்றி நடக்கும் ஒரு வெள்ளை உருவம். சில கோடுகளே உள்ளன. ஆனால் அந்த நடையை யாராலும் நிறுத்த முடியாது என்பது பார்த்ததும் விளங்கும். இன்றும் காந்தியடிகளை நினைத்தால் பலர் மனத்தில் எழும் உருவம் அதுவே.

காந்தியடிகளின் அழைப்பு

1936 ஏப்ரலில் இலட்சுமணபுரிக் காங்கிரசுக்குக் கலைக் கண்காட்சி அமைக்கும் பொறுப்பைக் காந்தியடிகள் நந்தலாலிடம் ஒப்படைத்தார். அவ்வாண்டு டிசம்பரில் பைஸ்பூர் என்ற சிற்றூரில் காங்கிரஸ் கூடியது. ஊரில் கிடைக்கும் பொருள்களாலேயே அங்கே ஒரு நகரம் எழ வேண்டும் என்பது அடிகளின் விருப்பம். நந்தலால் தயங்கினார். தாம் ஓவியர், கட்டடக் கலை தம் துறை அன்று என்று எண்ணினார். அடிகள் விடவில்லை. மூங்கிலும் கீற்றும் கொண்டு பந்தலும் வாயிலும் எழுந்தன. நண்பர் ஒருவர் நம்பிக் கேட்டதால், தமக்குள் இருந்ததென்று தாமே அறியாத திறமையை நந்தலால் கண்டுகொண்டார்.

1938 பிப்ரவரியில் சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் குஜராத்தின் ஹரிபுராவில் காங்கிரஸ் கூடியது. மீண்டும் அடிகளின் அழைப்பு வந்தது. இம்முறை நந்தலாலும் மாணவர்களும் ஏறக்குறைய நானூறு படங்கள் தீட்டினர். அவற்றுள் எண்பதுக்கு மேற்பட்டவை நந்தலாலின் கையால் உருவானவை என்பர். கையால் செய்த காகிதம், மண்ணிலிருந்து எடுத்த வண்ணம், பெருந்தூரிகை, வேகமான கோடு. எந்த அரசனையும் அவற்றில் காண முடியாது. மத்தளம் கொட்டுபவன், மல்லன், தச்சன், செருப்புத் தைப்பவன், நூல் நூற்பவள், பிள்ளையை ஏந்திய தாய் ஆகியோரே அவற்றின் நாயகர்கள். வழியோடு போகும் குடியானவன் நின்று பார்த்துத் தன்னையே அங்கே கண்டுகொள்ள வேண்டும் என்பதே நோக்கம். சில நாள் மாநாட்டுக்காகத் தொங்கவிட்ட விளம்பரத் தட்டிகள் அவை. இன்று இந்திய ஓவிய வரலாறு எழுதுவோர் யாரும் அவற்றைத் தொடாமல் மேலே செல்ல முடியாது.

பையிலிருந்த அஞ்சலட்டை

இத்தனை பெரிய பணிகளுக்கு நடுவே மிகச் சிறிய பணி ஒன்றும் அவரிடம் ஓயாமல் நடந்தது. வெற்று அட்டைகளை உடன் வைத்திருப்பார். பயணத்தில் கண்ட பனைமரம், ஆடு, மீனவன், மலைச்சரிவு எதுவானாலும் சில தூரிகை வீச்சில் அட்டையில் ஏறும். 1924இல் தாகூரோடு சீனத்துக்கும் சப்பானுக்கும் சென்று வந்த பின் அந்நாட்டு மைத்தூரிகை முறையும் அவர் கையில் கூடியது. அட்டைகள் நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் அஞ்சலில் போகும். நலம் விசாரிக்கும் கடிதமே ஓவியமாக வந்து சேர்ந்தால், பெற்றவர் அதைக் கிழித்தெறிவாரா?

சிறுவனாக இருந்த சத்தியஜித் ராய்க்கு அவர் ஏட்டில் நாளுக்கொரு விலங்கு வரைந்து தந்த கதை இனியது. கடைசி நாள் ஒரு வரிப்புலி. அதன் வால்நுனியில் கறுப்பு மை தீட்டினார். ஏன் என்று சிறுவன் கேட்டானாம். இறைச்சி திருட அடுக்களைக்குள் புகுந்த புலியின் வால் அடுப்பில் பட்டுக் கருகிவிட்டது என்று விடை வந்ததாம். பிற்காலத்தில் உலகம் போற்றிய அந்தத் திரைப்பட மேதை, 1940இல் அவரிடமே மாணவராக வந்து சேர்ந்தார்.

தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கே. ஜி. சுப்பிரமணியனையும் இங்கே நினைக்க வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். விடுதலைப் போரில் சிறை புகுந்தவர். அதனால் கல்லூரிக் கதவுகள் அடைபட்டவர். 1944இல் கலாபவனம் அவரை ஏற்றது. மண், கண்ணாடி, துணி, பொம்மை என்று எதையும் கலையாக்கும் துணிவை அவர் அங்கே கற்றார். வீட்டை விட்டு நெடுந்தொலைவு வந்து படிக்கும் நம்மைப் போன்ற ஒருவர்தாம் அவரும்!

ஏட்டின் ஓரத்தில் ஒரு நாடு

விடுதலை பெற்ற இந்தியாவின் அரசியல் சாசனம் கையால் எழுதப்பட்டது. ஆங்கிலப் படியை எழுதியவர் பிரேம் பிகாரி நாராயண் ராய்சாதா. அதன் இருபத்திரண்டு பகுதிகளுக்கும் முகப்போவியம் அமைக்கும் பொறுப்பு நந்தலாலையும் அவர் மாணவர்களையும் சேர்ந்தது. மொகஞ்சதாரோ எருது தொடங்கி, புத்தர், அசோகர், அக்பர், ஜான்சி இராணி, திப்பு, தண்டி யாத்திரை என்று நாட்டின் நெடுங்கதை அதில் வரிசையாக வருகிறது. நம் நாட்டு நடராசர் திருவுருவமும், மாமல்லபுரத்துப் பாறையில் பகீரதன் தவம் செய்யக் கங்கை இறங்கும் காட்சியும் அவ்வரிசையில் உண்டு. சட்ட நூலுக்குப் படம் எதற்கு என்று கேட்பவர் கேட்கட்டும். அரிச்சுவடிக்குப் படம் வரைந்தவருக்கு அந்த ஐயம் எழாது. இரண்டும் ஒரு புதிய வாழ்வின் முதல் ஏடுகள் அல்லவா?

1954இல் நாடு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அளித்தது. 1966 ஏப்ரல் 16ஆம் நாள் கல்கத்தாவில் நந்தலால் இயற்கை எய்தினார். அவருடைய ஓவியங்களும் அட்டைகளும் ஆயிரக்கணக்கில் தில்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில் காக்கப்படுகின்றன. ஆண்டுதோறும் டிசம்பர் முதல் இரு நாட்களில், அவர் பிறந்தநாளை ஒட்டி, கலாபவனத்தில் நந்தன் மேளா நடக்கிறது. மாணவரும் ஆசிரியரும் தம் கையால் செய்த மடல், மட்பாண்டம், நாட்காட்டி ஆகியவற்றை விற்று, வரும் பணத்தை மாணவர் நலநிதிக்குத் தருகிறார்கள்.

நண்பர்களே! இந்த வாழ்க்கையில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று வரைபவருக்கு. நண்பர் கேட்டது சிறு வேலை என்று கைத்திறனைக் குறைக்க வேண்டாம். நாளை வரப்போகும் பெரிய ஓவியம் இன்றைய வாழ்த்து மடலிலேயே இருக்கலாம். மற்றொன்று கேட்பவருக்கு. விஞ்ஞானி வெறுமனே கேட்கவில்லை. சுவரைத் தந்து கேட்டார். கவிஞர் பள்ளியைத் தந்தார். அடிகள் நாட்டு மக்களின் கண்களைத் தந்தார். என்ன வரைவது என்பதை மட்டும் ஓவியரிடமே விட்டார்கள். இந்த ஆண்டுப் பொங்கல் விழாவுக்குத் திரை வரையச் சொல்லி ஒரு நண்பரின் அறைக் கதவைத் தட்டுமுன், அவருக்கு நல்ல துணியும், போதிய வண்ணமும், பத்து நாள் அவகாசமும் கொண்டு செல்வோம். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.