அலிஸ் ஸ்டுவர்ட் (1906 – 2002)

வயிற்றுவலி என்று தோட்டத்திலிருந்து இரத்தினபுரி, கேகாலைப் பெரியாஸ்பத்திரிகளுக்குச் செல்லும் பெண்களிடம், எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்குமுன் அவர்கள் கர்ப்பமாக இருக்கிறார்களா என்று கேட்பதுண்டு. கூச்சத்தால் மறைக்கக் கூடாத கேள்வி அது. அக்கேள்வி வழக்கத்திற்கு வர முக்கிய காரணமாக இருந்தவர் அலிஸ் ஸ்டுவர்ட் என்னும் ஆங்கிலேய வைத்தியர்.

இவர் 1906 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் பிறந்தார். தாய், தந்தை இருவருமே வைத்தியர்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பயின்று வைத்தியரானார். பின்னர் ஒக்ஸ்போர்டில் பணியாற்றியபோது, குருதிப் புற்றுநோயால் சிறுவர்கள் இறப்பது அதிகரித்து வருவதைக் கண்டார். காரணம் எவருக்கும் தெரியவில்லை.

அக்காலத்தில் சிசு கிடக்கும் நிலையையும் தாயின் இடுப்பென்பின் அளவையும் அறிவதற்குக் கர்ப்பிணிகளின் வயிற்றை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தனர். சப்பாத்துக் கடைகளில்கூடப் பாத அளவு பார்க்க எக்ஸ்-கதிர்ப் பொறி இருந்த காலம் அது!

விடையைத் தாய்மாரிடமே தேட ஸ்டுவர்ட் தீர்மானித்தார். இந்தியாவின் தாட்டா குடும்பம் நிறுவிய நிதியம் ஒன்று 1000 பவுண் வழங்கியது. 1953 முதல் 1955 வரை புற்றுநோயால் இறந்த சிறுவர்களின் தாய்மாரிடமும், உயிரோடிருக்கும் பிள்ளைகளின் தாய்மாரிடமும் ஒரே வினாக்கொத்து கொடுக்கப்பட்டது. கர்ப்பகாலத்தில் வயிற்றில் எக்ஸ்-கதிர் பட்ட தாய்மார், இறந்த பிள்ளைகளின் பக்கத்தில் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தனர். 1956 இல் இம்முடிவு வெளியாயிற்று.

வைத்தியர்கள் பலர் இதை ஏற்கவில்லை. பிள்ளையை இழந்த தாய் பழையவற்றைத் துருவித் துருவி நினைப்பாள், மற்றவள் மறந்திருப்பாள் என்றனர். நியாயமான ஐயமே. ஆனால் 1962 இல் அமெரிக்காவில் பிரையன் மக்மஹோன், தாய்மாரின் ஞாபகத்தை நம்பாமல் வைத்தியசாலைப் பதிவேடுகளைக் கொண்டே ஆராய்ந்தபோதும் ஆபத்து ஏறத்தாழ 40 சதவீதம் கூடியிருந்தது. படிப்படியாக இப்படமெடுப்பு கைவிடப்பட்டது. 1958 இல் ஸ்கொட்லாந்தில் பணியாற்றிய வைத்தியர் இயன் டொனால்ட் அறிமுகப்படுத்திய கழியொலிப் படம் அதனிடத்தைப் பிடித்தது. ஒலியலை அணுக்களை அயனாக்குவதில்லை என்பதை நினைவிற் கொள்க.

வயிற்றையும் இடுப்பையும் சி.டி. ஸ்கேன் செய்யும்போது பெரும்பாலும் 10 மில்லிசீவேட் அளவு கதிர்ப்பு உடலிற் படும். இயற்கையிலிருந்து நாம் ஓராண்டில் பெறுவது சராசரியாக 2.4 மில்லிசீவேட். எனினும் உயிர்காக்கத் தேவையான படத்தைப் பயந்து மறுப்பது தவறு.

ஸ்டுவர்ட் 1970களில் அமெரிக்க அணுவாலைத் தொழிலாளர் பற்றியும் ஆராய்ந்து, மீண்டும் எதிர்ப்பைச் சம்பாதித்தார். 1986 இல் சுவீடனில் வழங்கப்படும் 'சரியான வாழ்வு' விருதைப் பெற்றார். 2002 இல் தமது 95 ஆவது வயதில் காலமானார்.