கடல் கடந்த கணித மேதை

சீனிவாச இராமானுஜன் 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில், தம் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடை ஒன்றில் கணக்கராகப் பணியாற்றினார். தாயார் கோமளத்தம்மாள் கோயிலில் பக்திப் பாடல்கள் பாடுபவர். குடும்பத்தில் வசதி குறைவு. ஆனால், அன்புக்கும் ஆசாரத்துக்கும் குறைவில்லை. காலையில் நீராடி, நெற்றியில் நாமம் இட்டு, தாயார் பிசைந்து கையில் வைக்கும் தயிர்ச்சோற்றை உண்டு வளர்ந்த பிள்ளை அவர்.

பள்ளியில் கணிதத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. பதினைந்து, பதினாறு வயதில் கார் என்பவர் எழுதிய கணித நூலொன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதில் ஆயிரக்கணக்கான தேற்றங்கள் விளக்கமின்றி அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றையும் தாமே மெய்ப்பித்துப் பார்ப்பதில் அவர் மூழ்கிப் போனார். மற்றப் பாடங்கள் பின்தங்கின. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கிடைத்த உபகாரச் சம்பளம் பறிபோனது. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் தேர்வில் வெற்றி பெற இயலவில்லை. பட்டம் இல்லாத இளைஞராக வேலை தேடி அலைந்தார். 1909இல் ஜானகியை மணந்தார். 1912இல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது.

1913ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தாம் கண்டறிந்த தேற்றங்களை எழுதிக் கேம்பிரிட்ஜில் இருந்த கணிதப் பேராசிரியர் ஹார்டிக்கு அனுப்பினார். ஹார்டி முதலில் ஐயுற்றார், பிறகு வியந்தார். தம் நண்பர் லிட்டில்வுட்டுடன் அமர்ந்து அத்தாள்களை ஆராய்ந்தபோது, இதை எழுதியவர் ஒரு மேதை என்பது விளங்கியது. இராமானுஜன் இங்கிலாந்துக்கு வர வேண்டும் என ஹார்டி விரும்பினார்.

அந்த அழைப்பை ஏற்பது எளிதாக இல்லை. கடல் கடந்து செல்வது ஆசாரத்துக்கு மாறானது என்று அக்காலத்தில் அவர் சமூகத்தார் கருதினர். சென்றவரை உறவினர் ஒதுக்கி வைப்பதும் உண்டு. தாயார் முதலில் இசையவில்லை. பின்னர், குலதெய்வமான நாமகிரித் தாயார் கனவில் தோன்றி மகனைத் தடுக்க வேண்டாம் எனப் பணித்ததாகக் கூறி அவர் சம்மதம் தந்தார் என்பர். சென்னைப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் வழங்க முன்வந்தது. அதில் 50 பவுன் குடும்பத்துக்கென ஒதுக்கப்பட்டது.

பயணத்துக்கு முன் இராமானுஜன் மேலைநாட்டு உடை உடுத்தவும், கத்தியும் முள்கரண்டியும் கொண்டு உண்ணவும் பழகினார். தாயாரையும் மனைவியையும் கும்பகோணத்துக்கு அனுப்பிய பின்னரே தம் குடுமியை நீக்கிக்கொண்டார். அவர்கள் அதைக் கண்டு வருந்தக் கூடாது என்பது அவர் எண்ணம். 1914 மார்ச் 17ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் புறப்பட்டு, ஏப்ரல் 14ஆம் நாள் இலண்டன் சேர்ந்தார்.

தொடக்கம் இனிதாகவே அமைந்தது. சென்னையில் அவரைச் சந்தித்துப் பயணத்துக்கு ஊக்கமூட்டிய இளம் பேராசிரியர் நெவில், தம் வீட்டிலேயே அவரைச் சில வாரங்கள் தங்க வைத்தார். நெவிலும் அவர் துணைவியாரும் புதியவரின் தேவைகளைக் கேட்டறிந்து உதவினர். அது வசந்த காலம். வெயிலும் இருந்தது. பேச்சுத் துணைக்கு ஆளும் இருந்தனர். அதன்பின் இராமானுஜன் டிரினிட்டி கல்லூரியின் விடுதி அறைக்குக் குடிபெயர்ந்தார். ஹார்டியின் அறைக்கு அருகில் இருப்பது ஆய்வுக்கு வசதியாக இருந்தது. ஆனால், அன்று முதல் அவர் தனியே வாழ வேண்டியவரானார்.

முதல் சிக்கல் உணவில் தோன்றியது. இராமானுஜன் புலால் உண்ணாதவர். கல்லூரிச் சமையலறையில் விலங்குக் கொழுப்பு கலந்துவிடுமோ என அஞ்சி, அங்குச் சமைத்த எதையும் அவர் தொடவில்லை. தம் அறையிலேயே சிறிய எரிவாயு அடுப்பில் சோறும் குழம்பும் பொங்கிக்கொண்டார். இதில் ஓர் இழப்பும் இருந்தது. கேம்பிரிட்ஜில் மாணவரும் ஆசிரியரும் ஒன்றாக அமர்ந்து உண்ணும் இடம் கல்லூரியின் உணவுக்கூடம். நட்பு மலர்வதும் அங்கேதான். அக்கூடத்துக்குச் செல்லாத இராமானுஜனைப் பலருக்குப் பெயரளவில் மட்டுமே தெரிந்திருந்தது.

அடுத்தது குளிர். காலணி அவர் பாதங்களை வருத்தியது; அறையில் செருப்பணிந்தே நடமாடினார். கேம்பிரிட்ஜில் பயின்ற வங்காள மாணவர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் ஒருநாள் அவரைக் காண வந்தார். இரவில் குளிர் தாங்க முடிகிறதா என்று அவர் வினவினார். மேலங்கியை அணிந்து, சால்வையையும் போர்த்திக்கொண்டு உறங்குவதாக இராமானுஜன் கூறினார். மகலனோபிஸ் படுக்கையறைக்குள் சென்று பார்த்தார். கட்டிலில் கம்பளிகள் பல இருந்தன. அவை மெத்தையின் ஓரங்களில் செருகப்பட்டு, மேல்விரிப்பால் மூடப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே படுக்க வேண்டும் என்பது தெரியாமல், இராமானுஜன் விரிப்பின்மேலேயே படுத்து வந்தார். மகலனோபிஸ் செய்துகாட்டியதும் அச்சிக்கல் ஒரு நொடியில் தீர்ந்தது. பின்னாளில் இந்தியாவின் புகழ்பெற்ற புள்ளியியல் அறிஞராகத் திகழ்ந்தவர் இந்த மகலனோபிஸ்தான்.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டது. லிட்டில்வுட் உட்பட அறிஞர் பலர் போர்ப்பணிக்குச் சென்றனர். கல்லூரி வளாகத்தில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை அளிக்கப்பட்டது. காய்கறியும் பாலும் அரிதாயின. சென்னையிலிருந்து வரவேண்டிய உணவுப் பொருள்கள் காலத்தோடு வந்து சேரவில்லை. இரண்டு ஆண்டுகளில் ஊர் திரும்பலாம் என்று எண்ணியிருந்தவருக்குக் கடல்வழிப் பயணமே ஆபத்தானதாகிவிட்டது.

இவ்வளவுக்கும் இடையில் அவர் ஆய்வு தடைபடவில்லை. 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வுப் பட்டம் வழங்கியது. ஓர் எண்ணை எத்தனை விதமான கூட்டல்களாகப் பிரிக்கலாம் என்னும் வினாவில் அவரும் ஹார்டியும் பெரும் வெற்றி கண்டனர். 4 என்னும் எண்ணை ஐந்து விதமாகப் பிரிக்கலாம். 200 என்னும் எண்ணையோ பல இலட்சம் கோடி விதங்களில் பிரிக்கலாம். எழுதி எண்ண முடியாத அத்தொகையைக் கணக்கிட வழிகாட்டும் சூத்திரத்தை அவர்கள் கண்டனர். இங்கிலாந்தில் இருந்த ஐந்து ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் வெளிவந்தன. ஆயினும், ஊக்கம் மிகுந்த நாள்களில் விடிய விடிய விழித்திருப்பதும், நேரம் தவறிச் சமைத்து உண்பதும் அவருக்கு வழக்கமாயின. கணிதத்தைப் பற்றி நாள்தோறும் பேசிய ஹார்டி, அவர் உண்டாரா, உறங்கினாரா என்பதை அறிந்திருக்கவில்லை.

ஒருமுறை நண்பர் ஒருவரையும் பெண்கள் சிலரையும் அறைக்கு அழைத்துத் தம் கையால் சமைத்து விருந்தளித்தார். இரசத்தை அவர்கள் விரும்பிக் குடித்தனர். மீண்டும் கேட்டும் வாங்கினர். மூன்றாம் முறை அவர் பரிமாற முனைந்தபோது பெண்கள் போதும் என்றனர். சற்று நேரத்தில் இராமானுஜனைக் காணவில்லை. சில நாள்கள் கழித்து, பணம் அனுப்பும்படி ஆக்ஸ்பர்டிலிருந்து தந்தி வந்தது. தாம் அன்போடு இட்டதை விருந்தினர் மறுத்துவிட்டனரே என்ற வருத்தத்தில் எழுந்து சென்றுவிட்டதாகப் பின்னர் அவர் விளக்கினார். வயிறு நிறைந்ததால் போதும் என்பது அவர்கள் வழக்கம். இலையில் இடுவதை மறுப்பது இட்டவரையே மறுப்பது போன்றது என்பது அவர் வளர்ந்த வீட்டின் வழக்கம். இரு தரப்பிலும் தவறில்லை. ஆயினும், தனிமையில் வாடிய மனத்துக்கு அச்சிறு நிகழ்வே தாங்க முடியாத புண்ணாயிற்று.

வீட்டிலிருந்தும் ஆறுதல் கிடைக்கவில்லை. மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே பிணக்கு மூண்டிருந்தது. ஜானகி எழுதிய கடிதங்கள் கணவரை அடையாதபடி தடுக்கப்பட்டன. காரணம் அறியாத இராமானுஜன் மனம் சோர்ந்தார். தொடக்கத்தில் தவறாமல் கடிதம் எழுதியவர், நாளடைவில் எழுதுவதையே நிறுத்திவிட்டார். இத்துன்பத்தை அவர் எவரிடமும் சொல்லவுமில்லை.

1917இல் உடல்நலம் குன்றியது. காசநோய் எனக் கருதிய மருத்துவர்கள் அவரை மருத்துவமனைகளில் மாறி மாறித் தங்க வைத்தனர். குளிர்காற்று புகும்படி சன்னல்களைத் திறந்து வைப்பதே அக்காலச் சிகிச்சை முறை. குளிரும், பிடிக்காத உணவும், தனிமையும் அவரை மேலும் வாட்டின. 1918இன் தொடக்கத்தில் மனம் உடைந்து, உயிரை விடவும் துணிந்தார், நல்வாய்ப்பாகக் காப்பாற்றப்பட்டார். ஹார்டி உடனே விரைந்து வந்து அவருக்குத் துணை நின்றார்.

அதே ஆண்டில் இராயல் கழகத்தின் உறுப்பினராக இராமானுஜன் தேர்ந்தெடுக்கப்பட்டார். அச்சிறப்பைப் பெற்ற இரண்டாவது இந்தியர் அவர். அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஆய்வறிஞர் பதவி பெற்ற முதல் இந்தியரும் ஆனார். இவை அவருக்குப் புத்துணர்ச்சி அளித்தன. பட்னி என்னுமிடத்தில் சிகிச்சை பெற்றபோது அவரைக் காண வந்த ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சிறப்பற்ற எண்ணாகத் தோன்றுகிறது என்றும் கூறினார். படுக்கையில் இருந்த இராமானுஜன் உடனே மறுத்தார். இரண்டு முப்படிகளின் கூட்டலாக இருவேறு வழிகளில் எழுதக்கூடிய எண்களுள் மிகச் சிறியது அதுவே என விளக்கினார். 1, 12 ஆகியவற்றின் முப்படிகளைக் கூட்டினாலும், 9, 10 ஆகியவற்றின் முப்படிகளைக் கூட்டினாலும் 1729 கிடைக்கும்.

போர் முடிந்ததும், 1919 மார்ச்சில் அவர் தாயகம் திரும்பினார். ஜானகி அருகிலிருந்து அவரைப் பேணினார். கணவனும் மனைவியும் மனம்விட்டுப் பேச வாய்த்த காலம் அது. வலிக்கு இடையிலும் தாளும் எழுதுகோலுமாக ஆய்வைத் தொடர்ந்தார். ஆயினும், நோய் முற்றியிருந்தது. 1920 ஏப்ரல் 26ஆம் நாள், 32 வயதில் சென்னையில் காலமானார். அவருக்கு இருந்தது காசநோயாக இல்லாமலும் இருக்கலாம். கல்லீரலைத் தாக்கும் அமீபா நோயாக இருக்கலாம் என்று 1994இல் ஆய்வாளர் ஒருவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து கூறினார். அந்நோய்க்கு அக்காலத்திலேயே சிகிச்சை இருந்தது.

இராமானுஜன் மறைந்த ஐந்தாம் ஆண்டில், கெடா மாநிலத்தின் அலோர் ஸ்டாரில் பிறந்த துங்கு அப்துல் ரஹ்மான் அதே கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றார். இங்கிலாந்தில் பயின்ற மலாய் மாணவர்கள் ஒன்றுகூடச் சங்கம் அமைந்தபோது அதில் அவர் முன்னின்று பணியாற்றினார். தாய்நாட்டு உணவும் தாய்மொழிப் பேச்சும் கிடைக்கும் அத்தகைய இடம் இராமானுஜனுக்கு வாய்க்கவில்லை. இன்று மெர்கோங்கிலிருந்து வெளிநாடு செல்லும் மாணவருக்கும், வெளிநாட்டிலிருந்து கெடாவின் சிந்தோக்கில் உள்ள மலேசிய வடக்குப் பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவருக்கும் தேவை ஒன்றே. வேற்று மண்ணில் வாழ்பவர் தம் குறையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அருகில் இருப்பவர் அக்கறையுடன் கேட்க வேண்டும். குளிர்கிறதா என ஒரு நண்பர் கேட்டதனால் இராமானுஜனின் ஒரு துன்பம் தீர்ந்தது. கேட்கப்படாத துன்பங்கள் அவருடனேயே இருந்துவிட்டன.