அச்சியந்திரங்களின் நடுவே ஒரு துறவி



புனித மக்சிமிலியன் கொல்பே என்றவுடன் உங்கள் நினைவுக்கு வருவது அவுஷ்விற்ஸ் வதைமுகாமும், இன்னொருவருக்காக அவர் ஏற்ற மரணமுந்தான். அது இயல்பே. ஆனால் அந்த மரணத்துக்கு முந்திய ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் கைகளில் இருந்தவை மையும் காகிதமும். நம் பிரசங்கங்களில் அதிகம் வராத அந்தக் கதையை இவ்வாரம் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

1894ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள், அப்போது ரஷ்ய ஆட்சிக்கு உட்பட்டிருந்த போலந்தில், ஏழை நெசவாளர் குடும்பமொன்றில் பிறந்தார். ரைமுண்ட் என்று பெயரிட்டார்கள். பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்து, உரோமையில் கற்று, மெய்யியலிலும் இறையியலிலும் கலாநிதிப் பட்டங்கள் பெற்றார். அங்கிருந்தபோதே, 1917 ஒக்டோபர் 16ஆம் நாள், ஆறு தோழர்களுடன் அமலோற்பவ அன்னையின் சேனையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு குருவானார். 1919இல் தாயகம் திரும்பியபோது கசநோய் அவரைப் பற்றியிருந்தது. நெடுநேரம் உரத்துப் போதிக்க உடல் இடங்கொடுக்கவில்லை. வாயால் சொல்ல முடியாததை அச்சில் சொல்லலாம் என்று அவர் துணிந்தார்.

துணிந்த காலமோ மிக மோசமான காலம். போலந்தில் பணத்தின் பெறுமதி நாளுக்கு நாள் வீழ்ந்துகொண்டிருந்தது. இன்று பேசிய காகித விலை நாளை நிற்காது. பத்திரிகை நடத்த மேலதிகாரிகள் அனுமதி தந்தார்கள். ஆனால் மடத்திலிருந்து ஒரு காசும் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். ஆகவே வீடு வீடாகச் சென்று பிச்சை எடுத்தார். 1922 ஜனவரியில் கிராக்கோவ் நகரில் ‘அமலோற்பவியின் வீரன்’ என்ற மாத சஞ்சிகை 5000 பிரதிகளுடன் வெளிவந்தது. நிதி இல்லாமையால் ஒழுங்காக வெளிவரும் என்று உறுதிகூற முடியாது என முதல் இதழிலேயே அறிவித்தார்! பத்திரிகை நடத்தும் எவருக்கும் இந்த நேர்மையைப் படிக்கையில் ஒரு சிரிப்பும் ஒரு பெருமூச்சும் சேர்ந்தே வரும்.

அவ்வாண்டிலேயே சஞ்சிகை குரோட்னோ மடத்துக்கு மாறியது. அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு குரு கொடுத்த 100 டொலர் உதவியுடன் பழைய அச்சியந்திரமொன்று வாங்கப்பட்டது. கையால் சுற்ற வேண்டிய இயந்திரம். கொல்பே அடிகளாரும் சகோதரர்களும் முறைவைத்துச் சுற்றினார்கள். ஏழ்மை வாக்குத்தத்தம் கொடுத்தவர்களுக்கு இயந்திரம் எதற்கு என்று சபைக்குள்ளேயே முணுமுணுப்பு எழுந்தது. தமக்கென ஒட்டுப்போட்ட அங்கியும் பழைய சப்பாத்தும் போதும், ஆனால் இறைபணிக்கு உலகிலுள்ள மிகச் சிறந்த கருவி வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அவர் சரி என்றே நமக்குப் படுகிறது.

1927இல் வார்சோ நகருக்கு மேற்கே சுமார் 40 கிலோமீற்றர் தூரத்தில் ஒரு காணி அவர் கண்ணில் பட்டது. அது ஓர் இளவரசருக்குச் சொந்தமானது. அதிலே மாதாவின் சுரூபமொன்றை நாட்டி வைத்தார். இளவரசர் கேட்ட நிபந்தனையைச் சபைத் தலைவர் ஏற்காததால் பேச்சு முறிந்தது. சுரூபம் மட்டும் வயலிலேயே நின்றது. பின்னர் இளவரசர் மனம் மாறி நிலத்தை இலவசமாகவே கொடுத்துவிட்டார். அங்கே பலகைக் கொட்டில்களில் தொடங்கியதுதான் ‘நியெப்போக்கலனோவ்’, அமலோற்பவியின் நகர்.

பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கே 700க்கு மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். பெரும்பாலானோர் அருட்சகோதரர்கள். எழுத்துக் கோத்தவர், இயந்திரம் திருத்தியவர், சப்பாத்துத் தைத்தவர், வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதியவர் எல்லாரும் துறவிகளே. கூலி கிடையாது, ஆகவே பத்திரிகையை மிகக் குறைந்த விலைக்குக் கொடுக்க முடிந்தது. கொடுக்க வழியில்லாதவருக்கு இலவசமாகவும் போயிற்று. 1938இன் பிற்பகுதியில் சஞ்சிகை பத்து இலட்சம் பிரதிகளைத் தொட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் ஒரு வானொலி நிலையமும் சோதனை ஒலிபரப்பைத் தொடங்கியது.

இடையில் 1930இல் அடிகளார் யப்பானுக்குப் போனார். நாகசாக்கியில் இறங்கி ஒரு மாதத்துக்குள் யப்பானிய மொழியில் சஞ்சிகை வெளிவந்தது. மொழி தெரியாத போலந்துச் சகோதரர்கள் ஆயிரக்கணக்கான எழுத்துருக்களைத் தேடித் தேடிக் கோத்தார்கள். நகருக்கு முதுகைக் காட்டும் ஒரு மலைச்சரிவில் மடத்தைக் கட்டினார்கள். 1945இல் அணுகுண்டு விழுந்தபோது, மலை மறைத்ததால் அந்த மடம் தப்பி நின்றது; அநாதைப் பிள்ளைகளுக்கு அடைக்கலமுமாயிற்று. 1932இல் நமக்கு அண்மையிலுள்ள எர்ணாகுளத்துக்கும் வந்து ஓர் அச்சகத்துக்கு இடம் தேடினார். அது கைகூடவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது, வாசகரே. 1935இல் நியெப்போக்கலனோவிலிருந்து ஒரு நாளிதழும் வெளிவரத் தொடங்கியது. அக்காலப் போலந்தின் பல ஏடுகளைப் போலவே அதுவும் யூதருக்கு எதிரான எழுத்துக்களை வெளியிட்டது. தொடங்கிய வேளையில் கொல்பே அடிகளார் யப்பானில் இருந்தார் என்பது உண்மை. ஆனால் 1936இல் திரும்பி வந்து மடத்தின் தலைவரானவரும் அவரே. புனிதர்களின் அச்சகத்திலும் மை கறைபடுத்தும். 1939இல் ஜேர்மன் படைகள் நுழைந்தபின், ஊர்களிலிருந்து விரட்டப்பட்ட மக்களுக்கு அதே மடம் கதவைத் திறந்தது. அந்த அகதிகளுள் யூதர்களும் பெருந்தொகையாக இருந்தார்கள். சகோதரர்கள் தங்கள் உணவையும் உடையையும் அவர்களோடு பங்கிட்டார்கள்.

போர்க்காலத்தில் ஒரேயொரு இதழுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. 1940 டிசெம்பருக்கும் 1941 ஜனவரிக்குமான அந்த இதழ் வெளிவந்த சில வாரங்களில், பெப்ரவரி 17ஆம் நாள், அவர் கைதானார். மீதி நீங்கள் அறிந்ததே: கைதி இலக்கம் 16670, ஒருவர் தப்பியதற்காகப் பட்டினிச் சாவுக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட பத்துப் பேர், மனைவியையும் பிள்ளைகளையும் எண்ணிக் கதறிய பிரான்சிஸ்செக் கயோவ்னிசெக், அவரிடத்தில் முன்வந்து நின்ற குரு. 1941 ஆகஸ்ட் 14ஆம் நாள் நச்சூசி அவர் உயிரைப் பறித்தது.

போருக்குப் பின் சஞ்சிகை மீண்டும் வந்தது. 1952இல் பொதுவுடைமை அரசு அதை நிறுத்தியது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளின் பின், 1981இல், அச்சியந்திரங்கள் மறுபடி சுழன்றன. அடுத்த ஆண்டு ஒக்டோபர் 10ஆம் நாள் உரோமையில் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தபோது, கூட்டத்தில் கயோவ்னிசெக்கும் இருந்தார், எண்பது வயதைக் கடந்த முதியவராக.