நடந்தே சென்ற நாவலர்

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் 1925 சூலை 23ஆம் நாள் சுப்பிரமணிய சிவா மறைந்தபோது அவருக்கு நாற்பத்தொரு வயது நிறையவில்லை. அந்தக் குறுகிய வாழ்வில் அவர் கையில் ஆயுதம் எடுத்ததில்லை. பேசினார், எழுதினார், நடந்தார். இம்மூன்றுமே அன்றைய அரசுக்குக் குற்றங்களாகத் தோன்றின.

வத்தலக்குண்டில் 1884இல் பிறந்த சிவா, துறவியாய் ஊர்தோறும் உரையாற்றித் திரிந்தவர். 1908இன் தொடக்கத்தில் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரனாரின் வீட்டு விருந்தினராகத் தங்கினார். கடற்கரையில் அவர் பேசிய பேச்சைக் கேட்க வணிகரும் கூலியாளரும் ஒருசேரக் கூடினர். கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு பெற்றதில் அச்சொற்களுக்குப் பெரும் பங்குண்டு. அதனை ஆட்சியாளர் மறக்கவில்லை. விபின் சந்திர பாலின் விடுதலையைத் தடையை மீறிக் கொண்டாடியதைத் தொடர்ந்து, மார்ச் 12இல் இருவரும் கைதாயினர். மறுநாள் நெல்லை கொந்தளித்தது; துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர்.

வழக்கு, தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவின் கீழ் நடந்தது. 1870இல் சேர்க்கப்பட்ட பிரிவு அது. அரசின்மீது வெறுப்பை ஊட்டும் சொல்லே அதன்படி குற்றம். தாம் ஒரு சந்நியாசி என்றும், விடுதலை நெறியைப் போதிப்பதே தம் பணி என்றும் சிவா மன்றத்தில் உரைத்தார். சூலை 7இல் நீதிபதி பின்ஹே அவருக்குப் பத்தாண்டு நாடுகடத்தல் விதித்தார். சிதம்பரனாருக்கோ, தம் பேச்சுக்கு இருபதாண்டு, சிவாவுக்குத் துணைநின்றமைக்கு இருபதாண்டு! பேசியவனுக்குப் பத்து, அவனுக்குத் துணைநின்றவனுக்கு இருபது என்னும் இக்கணக்கு எந்த நீதிநூலில் உள்ளதோ! மேல்முறையீட்டில் சிவாவின் தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. அந்தப் பிரிவு விடுதலைக்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தது. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதனை நிறுத்தி வைத்தது. 2024இல் புதிய சட்டம் வந்தபோது, வேறு எண்ணில், வேறு சொற்களில் அதன் சாயல் தொடர்ந்தது.

சிறை சிவாவுக்குத் தொழுநோயைத் தந்தது. 1912இல் வெளிவந்தவர் சோர்ந்திருக்கவில்லை. 1913இல் ‘ஞானபானு’ இதழைத் தொடங்கினார். புதுவையில் அடைபட்டிருந்த பாரதியின் எழுத்துக்கு அவ்விதழ் இடமளித்தது. கவிஞர்கள் மறவாது போற்றத்தக்க செயல் இது. 1921இல் மீண்டும் பேச்சுக்காகவே சிறை.

பின்னர் நோயைக் காரணம் காட்டி அவர் புகைவண்டியில் ஏறலாகாது என்று தடுத்தனர். நாவுக்குப் பூட்டிட்டவர்கள் காலுக்கும் பூட்டிட்டனர். புண்பட்ட உடலோடு அவர் கால்நடையாகவும் கட்டைவண்டியிலும் ஊர்களைக் கடந்தார். தொழுநோயாளரை அடைத்துவைக்க வகைசெய்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல்தான் நீக்கப்பட்டது.

அன்று சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்த பாப்பாரப்பட்டியில் நிலம் பெற்றுப் பாரத ஆசிரமம் கண்டார். பாரதமாதாவுக்கு எல்லாச் சாதியாரும் சமயத்தாரும் நுழையத்தக்க கோயில் ஒன்று எழுப்ப விழைந்தார். 1923இல் சித்தரஞ்சன் தாசு அதற்கு அடிக்கல் நாட்டினார். பொருள் திரட்ட ஊர் ஊராய் அலைந்தவர், நோய் முற்றிய நிலையில் ஆசிரமத்துக்குத் திரும்பி அங்கேயே கண்மூடினார். கோயில் அடிக்கல்லோடு நின்றது. ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின், 2021இல், அவ்வூரில் பாரதமாதா நினைவாலயம் திறக்கப்பட்டது.